மூன்றாவது பேஸில் ஒருத்தி

சாக்கை விரித்து அதன்மேல் இரண்டு முழங்காலையும் ஊன்றிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால் தரைத்தண்ணீர் சாக்குக்குள் ஏறிவிடும். அப்புறம் எழுந்து, கனத்த சாக்கை மைதானத்து ஓரம் வரை தூக்கிக்கொண்டு போய் முறுக்கிப் பிழிய வேண்டும், திரும்பி வந்து மறுபடி விரிக்க வேண்டும். முப்பிடாதிக்கு இந்த வேலை பிடித்திருந்தது. கைக்கு வேலை இருந்தால் மனசு சும்மா கிடக்கும் என்று நினைத்துத்தான் மற்றவர்களுக்கு முந்திச் சாக்கை எடுத்தாள், மனசு எங்கே சும்மா கிடந்தது, அது இவள் குனியும்போது குனிந்து நிமிரும்போது நிமிர்ந்து கூடவே வந்துகொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. விட்டுவிட்டது என்று அடித்தும் சொல்ல முடியாது, ஒன்றிரண்டு சொட்டு இன்னும் கழுத்தில் விழுந்தது, ஒவ்வொரு சொட்டுக்கும் அவள் நிமிர்ந்து மேற்கே பார்த்தாள், பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் பெய்தால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த உடனே அதை மிதித்தாள், மிதித்த இடத்திலேயே அது மறுபடி ஊறி மேலே வந்தது. சீ, என்ன பிள்ளை நீ, அங்கே அத்தனை பேரும் முதுகு ஒடியக் குனிந்து தண்ணீர் இறைக்கிறார்கள், ரெஜினா மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே வாளி தூக்குகிறார், நீ மழையைக் கூப்பிடுகிறாய். கூப்பிடவில்லை, சும்மா பார்த்தேன். பார்த்தது எதற்கு. அவள் சாக்கை இன்னும் பலமாக அமுக்கினாள்.

பாளையங்கோட்டையில் பேஸ்பால் என்று சொன்னால் பாதிப்பேர் கிரிக்கெட்டா என்று கேட்பார்கள், மீதிப்பேர் அதுவும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் கல்லூரிகளுக்கு இடையில் லீக் என்று ஒன்று நடக்கிறது, அதில் முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்களுக்கு மங்களூரில் மண்டலப் போட்டி இருக்கிறது. முப்பிடாதியின் கல்லூரி அதற்கு ஒரு வருஷமும் போனதில்லை. இந்த வருஷம் ஆரம்பத்தில் அடுத்தடுத்துத் தோற்றார்கள், அப்புறம் யாரும் எதிர்பாராமல் அடுத்தடுத்து ஜெயித்தார்கள், எண்ணிக்கொண்டே வந்து பார்த்தால் தக்கலைக்காரிகளோடு ஆடும் இந்தக் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் மங்களூர், ஜெயிக்காவிட்டால் அவரவர் வீட்டுக்கு. இவளுக்கு மூன்றாம் வருஷம். இனி இல்லை. கடைசிச் சுற்று வரை வந்து ஒரு ரன் முன்னால் இருக்கிறார்கள். தக்கலைக்காரிகள் அடிக்கிறார்கள், இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. ஆனால் மூன்றாவது பேஸில் அவர்களுடைய ஷைனி நிற்கிறாள், அங்கிருந்து ஓடி வந்து இந்த ஹோம் பிளேட்டை, இப்போது இவள் முழங்காலுக்குப் பக்கத்தில் சேற்றில் பாதி புதைந்து கிடக்கும் இந்த வெள்ளை ரப்பர்த் துண்டை, மிதித்துவிட்டால் ரன் சமம். மட்டை பிடித்திருந்தவள் ஆன்சி. இரண்டு தடவை அடிக்கப் போய்த் தவறவிட்டாள், இன்னும் ஒரு தடவை தவறவிட்டால் போதும். அந்த மூன்றாவது பந்தைப் போட ஜெனோவா கையைத் தூக்கியபோதுதான் மழை பிடித்தது, சொல்லி வைத்த மாதிரி, பாதித் தூக்கிய கையோடு அவளும், பிளேட்டுக்குப் பின்னால் கேட்சராகக் குந்தி உட்கார்ந்த நிலையில் இவளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நனைந்தார்கள், அம்பயர் ஓடச் சொல்லிக் கத்திய பிறகுதான் எழுந்தார்கள். எழுந்தபோது இவளுக்குத் தோன்றியது நிம்மதி. அதை எப்படி மறைப்பது, யாரிடமிருந்து மறைப்பது, தோன்றியது தோன்றியதுதான்.

“பிள்ளைகளா, அமுக்கி எடுங்க, தேய்க்காதீங்க, தேச்சா சேறாவும்!” ரெஜினா மேடத்தின் குரல் அந்தக் கோடியில் கேட்டது. அவர்தான் இவர்களுக்குப் பயிற்சியாளர். அம்பயர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பந்து போடும் மேட்டைச் செருப்பு நுனியால் அழுத்திப் பார்த்தார். “மேடம், வெளிச்சம் இருக்கும்போதே தரை காலை உள்ள வாங்காத அளவுக்கு வந்தா ஆடலாம். இல்லைன்னா ஆளுக்குப் பாதி பாயிண்ட். அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது” என்றார். ஆளுக்குப் பாதி தக்கலைக்காரிகளுக்குப் போதும், அவர்கள் ஏற்கெனவே மேலே இருக்கிறார்கள், அதனால் அவர்கள் வராந்தாவில் காலை நீட்டிக்கொண்டு நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். ஆன்சி மட்டும் உட்காரவில்லை. தூணோரம் நின்று மட்டையைச் சும்மா வீசிக்கொண்டிருந்தாள், நெடுநெடுவென்று வளர்ந்தவள், வீசும்போது காற்று கிழிகிற சத்தம் இங்கே வரை வந்தது, அல்லது வந்ததாக முப்பிடாதி நினைத்தாள். “ஏளா, கேச்சரு!” என்று அவள் கூப்பிட்டாள். “எதுக்குளா இந்தப் பாடு? வந்து இரி, சிப்ஸ் தின்னு.” வராந்தா சிரித்தது. கேலிதான், ஆனாலும் அதில் விஷம் இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபம் வந்திருக்கும், கோபம் வந்தால் மற்றது வராது. “நீ தின்னுட்டு வா, தெம்பு வேணும்லா” என்று இவள் திருப்பிச் சொன்னாள், சொன்ன குரல் தன்னுடையது மாதிரி இல்லை, தெம்பான யாரோ ஒருத்தியின் குரல். சாக்கைத் தூக்கினாள். பிழிந்தாள். செம்மண் தண்ணீர் முழங்கை வழியாக ஓடிச் சட்டைக்குள் போனது. அந்த மட்டை வீச்சுத்தான். அந்த மட்டை கண்ணுக்கு முன்னால் வரும், ஒரு முழம்கூட இருக்காது, பந்தும் வரும், இரண்டும் ஒரே இடத்துக்கு வரும், அந்த இடத்துக்குப் பின்னால் இவள் முகம் இருக்கும்.

அன்றைக்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், உண்மையும் அதுதான், தூத்துக்குடியில் ஆடிய ஆட்டத்தில் பந்து மட்டையின் ஓரத்தை உரசித் திசை மாறி நேராக முகக்கவசத்தில் வந்து அடித்தது, கவசத்தின் கம்பி வளைந்து கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது, ஐஸ் வைத்தார்கள், மிச்ச ஆட்டத்தை ஆடி முடித்தாள், எல்லாரும் முதுகில் தட்டினார்கள். வலி ராத்திரியே போய்விட்டது. போகாமல் நின்றது அந்தச் சத்தம், காதுக்கு வெளியே இல்லை, மண்டைக்குள்ளே, பாத்திரத்துக்குள் தலையை விட்டு வெளியிலிருந்து யாரோ தட்டின மாதிரி. அடுத்த நாள் பயிற்சியில் முதல் மட்டை வீசியதும் கண் மூடிக்கொண்டது. மூடியது அவளுக்கே தெரியவில்லை, பந்து கிளவுஸில் இல்லை, பின்னால் வேலியில் போய் முட்டுகிறது, எப்படிப் போனது என்று யோசித்தபோதுதான் நடுவில் ஒரு துண்டு இருட்டு இருந்தது தெரிந்தது. கண் மட்டும் இல்லை, கண்ணோடு முகமும் இடப்பக்கம் திரும்பியது, முகத்தோடு தோளும் போனது, மொத்த உடம்பும் ஒரு கதவு மாதிரித் திறந்துகொண்டது. அதற்கப்புறம் எத்தனை வைத்தியம். விடுதி அறைக் கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தை நோக்கித் தானே கையை வீசிப் பார்த்தாள். காலுறையைச் சுருட்டி மேலே எறிந்து நெற்றியில் விழவிட்டாள். மூடாதே என்று சொல்லிக்கொண்டே படிக்கட்டு இறங்கினாள், மூடாதே என்று சொல்லிக்கொண்டே சோறு தின்றாள், சொல்லச் சொல்ல அது இன்னும் கெட்டியாக மூடியது, நினைக்காதே என்றால் நினைக்கிற மாதிரி. இமை தன்னுடையதுதானே, கையைத் தூக்கு என்றால் தூக்குகிறது, காலை மடக்கு என்றால் மடங்குகிறது, இந்த இத்துணூண்டு தோல் மட்டும் யார் பேச்சைக் கேட்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மேடத்திடம் சொன்னால் வேறு பிள்ளையைப் போடுவார், போட வேண்டியதுதான் நியாயம், ஆனால் வேறு பிள்ளை யார் இருக்கிறாள், இந்த இடத்தில் குந்தி உட்கார யாரும் பிரியப்படுவதில்லை, முட்டி போய்விடும் என்பார்கள். சொல்லாததற்கு இது காரணமா, அல்லது காரணத்தைப் பிறகு கண்டுபிடித்தாளா. மற்றப் பந்துகளை எப்படியோ சமாளித்தாள், நேராக வருவது எங்கே வரும் என்று தெரியும், கிளவுஸை அங்கே வைத்தால் பந்து தானே வந்து விழும். விழுபந்துதான் முடியவில்லை. ஜெனோவா போடும் பந்துகளில் அதுதான் பந்து, நேராக வருவது மாதிரி வந்து பிளேட்டுக்கு முன்னால் கிணற்றில் போட்ட கல் மாதிரி கீழே இறங்கும், அடிக்கிறவள் மட்டையைக் காற்றில் வீசிவிட்டு முழிப்பாள். பந்து தரையில் குத்திக் குதிக்கும், அதைக் கேட்சர் உடம்பைப் போட்டு மறிக்க வேண்டும். மறிக்காவிட்டால் வேலிதான். மூன்றாவது பேஸில் ஒருத்தி நிற்கும்போது வேலி என்றால் ரன். எந்தப் பந்து வேண்டும் என்று விரலால் சைகை காட்டிக் கேட்பது கேட்சர்தான், அதனால் இவள் அந்தப் பந்தைக் கேட்பதையே விட்டுவிட்டாள். ஜெனோவாவும் ஏன் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“ஏட்டி முப்பி, தள்ளு.” ஜெனோவாதான், மரத்தூள் நிறைத்த தகர டப்பாவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்தாள், முகமெல்லாம் தூள். உவரிக்காரி, கத்திப் பேசித்தான் பழக்கம், இன்றைக்கு மெதுவாகப் பேசினாள். பிளேட்டைச் சுற்றித் தூளைக் கொட்டினாள், இவள் கையால் பரப்பினாள், தூள் உடனே கறுத்து ஈரத்தைக் குடித்தது. பிறகு ஜெனோவா பிளேட்டுக்கு முன்னால் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள், அது விழுபந்து குத்துகிற இடம் என்று இவளுக்குத் தெரியும். “இங்க மெத்துன்னு இருக்குட்டி. குத்துனா ரொம்ப எழும்பாது” என்றாள். இவள் தூளைப் பரப்பிக்கொண்டே இருந்தாள். “நேரா போடுதேன், பிரச்சினை இல்ல” என்றாள் ஜெனோவா மறுபடி. “ஆனா ஆன்சி நேரா வாறதுக்குத்தான் காத்துக்கிட்டு நிக்கா. அந்தா பாரு எப்படி வீசுதான்னு. நேரா போட்டா அடிச்சிருவா.” முப்பிடாதி பார்க்கவில்லை. “பந்து ஈரமா இருந்தா ஒனக்குப் பிடி நிக்குமா?” என்று கேட்டாள். “நிக்கும். நான் பாத்துக்கிடுதேன். ஒனக்கு?” அந்த ஒனக்கு அப்படியே நின்றது, ஜெனோவா டப்பாவைத் தட்டிக் காலி செய்துவிட்டு இன்னொரு டப்பாவுக்குப் போனாள். அப்படியானால் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போன ஆட்டத்தில் நேர் பந்தாகப் போட்டு இரண்டு ரன்னுக்கு அடி வாங்கினாளா, அந்த இரண்டு ரன்னும் என் கணக்கில் சேர வேண்டியது, அவள் தலையில் எழுதியிருக்கிறது, மேடம் அன்றைக்கு அவளைத்தான் ஏசினார், அவள் வாயைத் திறக்கவில்லை. முப்பிடாதி எழுந்து, காய்ந்த சாக்கு ஒன்றைத் தேடி எடுத்து வந்து, ஜெனோவா விரலால் அமுக்கிய அந்த இடத்தின்மேல் மடித்துப் போட்டு, இரண்டு குதிகாலாலும் ஏறி நின்றாள். மழை பெய்யட்டும் என்ற நினைப்பு இப்போதும் வந்தது. வந்துவிட்டுப் போ என்று விட்டாள், அதை மிதிக்கக்கூடத் தனக்கு நேரம் இல்லை என்பது மாதிரி.

வெயில் வந்தது. சாயங்கால வெயில், மேகத்துக்கு அடியில் ஒரு கீற்று, கண்ணில் குத்தியது, கண் மூடியது, பாரு, இதற்கும் மூடுகிறது, எல்லாவற்றுக்கும் மூடத்தான் செய்கிறது, இது அதன் வேலை, தூசிக்கும் வெயிலுக்கும் பந்துக்கும் ஒரே வேலை. கண் சிவந்து ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ வந்த வருஷம் ஞாபகம் வந்தது. அப்பா தண்ணீர் லாரி ஓட்டிவிட்டு வந்து கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிவிட்டுச் சொட்டு மருந்து ஊற்ற உட்காருவார், எத்தனை கழுவினாலும் விரலில் டீசல் வாசம் அடிக்கும். மருந்துப் புட்டியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாலே இவள் கண் மூடிக்கொள்ளும், மூடிக்கொண்டு தலையைத் திருப்பிவிடுவாள், மருந்து காதுக்குள் போகும், அம்மை சத்தம் போடுவாள், பிள்ளையைப் பிடிச்சுத் திறந்து விடுங்க, என்ன கொஞ்சிக்கிட்டு. அப்பா பிடித்துத் திறக்கவில்லை. “மூடுனா மூடிக்கோ தாயி. தலையை மட்டும் ஆட்டாத” என்றார். மூடிய கண்ணின் மூக்கோரத்தில் ஒரு சொட்டு விட்டார், குளிர்ந்தது, “இப்பத் தெற” என்றார், திறந்ததும் மருந்து தானாக உள்ளே இறங்கியது. எரிந்தது, ஆனால் இறங்கியது. முப்பிடாதி சாக்கின்மேல் நின்றபடியே நின்றாள். இத்தனை நாள் தப்பான ஆளோடு சண்டை போட்டிருக்கிறேன். இமையோடு. அது கேட்காது. அது கேட்கிற ஜாதி இல்லை. பந்து வேலிக்குப் போனது கண் மூடியதாலா, கண்ணுக்குப் பின்னால் முகம் போனதாலா. முகம் போனதால். தோள் போனதால். கதவு திறந்ததால். கண்ணை மூடிக்கொண்டு கதவு மூடிக் கிடக்க முடியாதா. முகம் திரும்பாமல், மோவாயை நெஞ்சில் அழுத்தி, கிளவுஸைக் கால் நடுவில் தரையில் வைத்து, மேலே நெஞ்சைக் கொண்டுவந்து போர்த்தினால் பந்து வேறு எங்கே போகும், இருட்டிலும் அது என்மேல்தான் வந்து முட்டும். முட்டட்டும். வலிக்குமே. வலிக்கும். கவசம் இருக்கிறது. கவசம் அன்றைக்கும் இருந்தது. சரி, அன்றைக்கும் இருந்தது, அன்றைக்கும் சாகவில்லை. பயம் போய்விட்டதா என்று உள்ளே தொட்டுப் பார்த்தாள், போகவில்லை, அதே இடத்தில் அதே அளவில் இருந்தது, அதற்குப் பக்கத்தில் உட்கார இன்னொரு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

அம்பயர் மேட்டை மிதித்தார், முதல் பேஸை மிதித்தார், எல்லாப் பேஸையும் மிதித்துக்கொண்டே சுற்றி வந்து கடைசியில் இவளிடம் வந்தார். மரத்தூளைக் காலால் ஒதுக்கிப் பார்த்தார். பத்துப் பதினைந்து பிள்ளைகள் மண்ணும் தண்ணீருமாக வாளியைப் பிடித்தபடி அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவர் அண்ணாந்து வெளிச்சத்தைப் பார்த்தார், முப்பிடாதியும் பார்த்தாள், இந்தத் தடவை மேற்கே எந்த மேகத்தையும் தேடவில்லை. “பரவாயில்ல. ஆடலாம்” என்றார். ரெஜினா மேடம் கையிலிருந்த வாளியை அப்படியே கீழே போட்டார். வராந்தாவில் சிப்ஸ் பொட்டலத்தை யாரோ கசக்கினார்கள். முப்பிடாதி முழங்கால் கவசத்தைக் கட்டினாள், மார்புக் கவசத்தைப் போட்டாள், வார் நனைந்து உப்பியிருந்தது, இழுத்து முடிந்தாள். முகக்கவசத்தைப் போட்டதும் உலகம் கம்பிக்குப் பின்னால் போனது. ஷைனி மூன்றாவது பேஸில் போய் நின்றாள். ஆன்சி வந்து குதிகாலால் ஈரமண்ணைக் கிளறிக் காலை ஊன்றினாள், “நல்லா காயப்போட்டிருக்கியளே” என்றாள், இப்போது கேலி இல்லை. முப்பிடாதி குந்தி உட்கார்ந்தாள். முட்டி சொடுக்கியது. தொடைகளுக்கு நடுவில் கையை வைத்து, ஜெனோவாவுக்கு மட்டும் தெரியும்படி, இரண்டு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள். விழுபந்து. மேட்டில் நின்ற ஜெனோவா அசையவில்லை. சரியாகத் தெரியவில்லையோ என்று மறுபடி காட்டினாள், இந்தத் தடவை விரலைத் தரையைப் பார்த்துக் குத்தினாள், போடு என்று. ஜெனோவா கொஞ்சம் தலையசைத்தாள். அடிக்கிறவள் மூன்றாம் தடவை தவறவிட்டாலும் பந்து தரையில் குத்தி வந்தால் அவள் அவுட் இல்லை, கேட்சர் பந்தை எடுத்து அவள்மேல் தொட வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு முன்னால் முதல் பேஸுக்கு எறிய வேண்டும், அது இவளுக்குத் தெரியும், ஆன்சிக்கும் தெரியும், மூன்றாவது பேஸில் இப்போதே ஒரு காலை முன்னால் வைத்துவிட்ட ஷைனிக்கும் தெரியும். மூடுனா மூடிக்கோ. தலையை மட்டும். ஜெனோவாவின் கை மேலே போனது.

பந்து நேராக வந்தது, நேராக, இன்னும் நேராக, போச்சு இறங்கவில்லை என்று நினைத்தபோது இறங்கியது, ஆன்சியின் மட்டை வலப்பக்கத்திலிருந்து பெரிதாகி வந்தது, கண் மூடிக்கொண்டது. இருட்டு. மோவாய் நெஞ்சில் இருந்தது. முழங்கால் இரண்டும் மண்ணில் இருந்தன. தலைக்கு மேல் காற்று கிழிந்தது. கழுத்து இடப்பக்கம் போகக் கெஞ்சியது, கழுத்தின் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகக் கெஞ்சியது, அவள் விடவில்லை, இத்தனைக்கும் ஒரு மூச்சு நேரம்கூட ஆகியிருக்காது. நெஞ்சில் இடித்தது. உள்ளே இருந்த காற்று முழுவதும் வெளியே போனது. கண்ணைத் திறந்தபோது பந்து முன்னால், மரத்தூளில், கை எட்டும் தூரத்தில் கிடந்தது, தவறிப்போன மட்டையோடு திகைத்து நின்ற ஆன்சி அப்போதுதான் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு ஓட ஒரு எட்டு வைத்தாள், அந்தப் பக்கம் ஷைனி தலையைக் குனிந்துகொண்டு வந்துகொண்டிருந்தாள், யாரோ “தொடுட்டி! தொடு!” என்று அலறினார்கள். முப்பிடாதி பந்தை மண்ணோடு அள்ளி ஒரு பாய்ச்சலில் விழுந்தாள், நீட்டிய கை ஆன்சியின் கெண்டைக்காலில் பட்டது, பந்தும் கையில் இருந்தது. இரண்டு பேரும் சேற்றில் கிடந்தார்கள். அம்பயரின் கை உயர்ந்தது.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யார் யார்மேல் விழுந்தார்கள் என்று தெரியவில்லை, மேடம் அழுதுகொண்டே ஏசிக்கொண்டிருந்தார், மங்களூர் மங்களூர் என்று ஒரு குரல் கத்திக்கொண்டே ஓடியது. ஆன்சி எழுந்து காலில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டு இவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டுப் போய்விட்டாள். நெஞ்சு எலும்பில் பந்து பட்ட இடம் இப்போதுதான் வலிக்கத் தொடங்கியது. ஜெனோவா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இவள் முகக்கவசத்தின் கம்பியைப் பிடித்து ஆட்டினாள். “பாத்தியாட்டி? எப்படி விழுந்துச்சுன்னு பாத்தியா? சென்மத்துக்கும் இனி அப்படி ஒண்ணு எனக்குப் போட வராது!”

“இல்லட்டி” என்றாள் முப்பிடாதி. “நான் பாக்கல.”